எச்.ஐ.வி. உள்ளோருக்கு ஹெபடைடிஸ் சி: பரிசோதனையும் சிகிச்சையும்

நீங்கள் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்பவராக, ஏ.ஆர்.டி. மையத்தில் பதிவு செய்து கூட்டு மருந்தைத் தவறாமல் உட்கொள்பவராக இருந்தால், உங்கள் பச்சை அட்டையிலோ கோப்பிலோ ‘வைரஸ் காணப்படவில்லை’ என்ற முடிவு எழுதப்பட்டிருக்கலாம். மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆயினும் அந்த வரி எச்.ஐ.வி.யைப் பற்றி மட்டுமே பேசுகிறது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் முற்றிலும் வேறொரு வைரஸ். கூட்டு மருந்து அதனைத் தொடுவதில்லை. எச்.ஐ.வி. முழுமையாகக் கட்டுக்குள் இருக்கும் ஒருவரின் கல்லீரலில் ஹெபடைடிஸ் சி ஓசையின்றிப் பெருகிக்கொண்டிருக்க முடியும். ‘என் வைரஸ் எல்லாம் போய்விட்டதே, இது எப்படி வந்தது?’ என்று கேட்பவர்களை வெளிநோயாளர் பிரிவில் அடிக்கடி சந்திக்கிறேன். இரண்டுக்கும் தனித்தனிப் பரிசோதனை, தனித்தனி மருந்து என்பதே அவர்களுக்கு நான் முதலில் கூறும் பதில்.

உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் நாள்பட்ட ஹெபடைடிஸ் சி தொற்றுடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. எச்.ஐ.வி. உள்ளோரில் சுமார் 23 லட்சம் பேரிடம் ஹெபடைடிஸ் சி தொற்று முன்பு இருந்ததற்கோ இப்போது இருப்பதற்கோ சான்று உள்ளது; அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் போதை மருந்தை ஊசி வழியாக ஏற்றிக்கொண்டவர்கள். இந்தியாவில் மணிப்பூர், மிசோரம், நாகாலாந்து போன்ற வடகிழக்கு மாநிலங்களிலும் பஞ்சாபிலும் இச்சிக்கல் பெரிது. தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. பெரும்பாலும் பாலுறவு வழியாகப் பரவியது; ஆகவே இரு தொற்றும் ஒருங்கே உள்ளோர் இங்கு ஒப்பீட்டளவில் குறைவு. குறைவு என்பதாலேயே மருத்துவர்களுக்கும் இது நினைவுக்கு வராமல் போகிறது.

இரண்டும் சேர்ந்தால் என்ன நேரும்?

ஹெபடைடிஸ் சி தொற்றியோரில் சுமார் 30 சதவீதத்தினரின் உடல் ஆறு மாதங்களுக்குள் எவ்வித மருந்துமின்றி அவ்வைரஸை அகற்றிவிடும். எச்.ஐ.வி. உள்ளோரிடம் இவ்வாறு தானாக அகல்வது இதனினும் குறைவு. எஞ்சியோருக்குத் தொற்று நாள்பட்டதாகிறது. கல்லீரலில் சிறுகச் சிறுகத் தழும்புத் திசு படிந்து, இருபது ஆண்டுகளில் 15 முதல் 30 சதவீதத்தினருக்குக் கல்லீரல் சுருக்க நோய் எனப்படும் சிரோசிஸ் உண்டாகிறது. எச்.ஐ.வி. உடனிருந்தால் இந்தப் பயணம் விரைவுபடுகிறது; அதிலும் எதிர்ப்பாற்றல் குன்றியிருந்தாலோ மதுப்பழக்கம் இருந்தாலோ மேலும் விரைவாகிறது.

இதில் கொடுமை என்னவெனில், பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை. ‘எனக்கு மஞ்சள் காமாலை வந்ததே இல்லையே’ என்பது ஒரு பாதுகாப்பு அன்று. களைப்பு, பசியின்மை ஆகியவற்றை நோயாளி வேலைப்பளுவின் கணக்கில் எழுதுகிறார், மருத்துவரோ எச்.ஐ.வி.யின் கணக்கில் எழுதிவிடுகிறார். வயிற்றில் நீர் கோத்து மகோதரமாகவோ, இரத்த வாந்தியாகவோ, கல்லீரல் புற்றுநோயாகவோ வெளிப்படும்போது, எளிதில் குணப்படுத்தியிருக்கக்கூடிய கட்டம் கடந்துவிட்டிருக்கும்.

யாருக்குப் பரிசோதனை தேவை?

எச்.ஐ.வி. உறுதியான வயது வந்தோர் ஒவ்வொருவருக்கும், கூட்டு மருந்து தொடங்கும் காலத்திலேயே ஒருமுறை ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி ஆகிய இரண்டு பரிசோதனைகளும் செய்யப்பட வேண்டும். உங்களுக்கு எவ்வழியில் எச்.ஐ.வி. வந்தது என்பது இதற்கு ஒரு நிபந்தனை அன்று. பல ஆண்டுகளுக்கு முன்பே கூட்டு மருந்து தொடங்கியவர்களின் கோப்பில் இந்தப் பரிசோதனை முடிவு இல்லாதிருப்பதைக் காண்கிறேன். உங்கள் கோப்பில் உள்ளதா என அடுத்த முறை செல்லும்போது ஆலோசகரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. அதனால் யாரும் உங்கள் நடத்தையைப் பற்றி ஐயம் கொள்ள வேண்டியதில்லை.

ஒருமுறை ‘இல்லை’ என வந்தவுடன் எல்லோருக்கும் அது முடிந்துவிடுவதில்லை. ஊசி வழியாகப் போதை மருந்து ஏற்றிக்கொள்பவர்கள், ஆணுடன் பாலுறவு கொள்ளும் ஆண்கள், இரத்தச் சுத்திகரிப்புச் சிகிச்சையில் உள்ளவர்கள், ஹெபடைடிஸ் சி உள்ளவரின் வாழ்க்கைத் துணைவர் ஆகியோர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். கல்லீரல் நொதியாகிய ஏ.எல்.டி. காரணமின்றி உயர்ந்தால், எந்தப் பிரிவினராயினும் உடனே பரிசோதிக்க வேண்டும். உயர்வுக்குக் கூட்டு மருந்தே காரணம் என்று முடிவுகட்டி மாதங்களைக் கழிப்பது நாங்கள், அதாவது மருத்துவர்கள், செய்யும் வழக்கமான பிழை.

இந்த வைரஸ் இரத்தத்தின் வழியாகப் பரவுவது. 1989-ஆம் ஆண்டில்தான் இது அடையாளம் காணப்பட்டது. நம் நாட்டு இரத்த வங்கிகளில் இதற்கான கட்டாயப் பரிசோதனை 2000-களின் தொடக்கத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பிரசவத்திலோ அறுவை சிகிச்சையிலோ விபத்திலோ இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் அதனை மருத்துவரிடம் கூற வேண்டும். கொதிக்கவைத்த கண்ணாடி ஊசிக்குழலால் ஊரெல்லாம் ஊசி போட்டுக்கொண்ட தலைமுறையினருக்கும், முறையாகத் தூய்மை செய்யாத ஊசியால் பச்சை குத்திக்கொண்டவர்களுக்கும் இது பொருந்தும். சவரக்கத்தி, பல் துலக்கி, நகவெட்டி ஆகியவற்றைப் பகிர்தல் கூடாது. போதை ஊசியைப் பொறுத்தவரை ஊசி மட்டுமன்று. மருந்தைக் கரைக்கும் மூடி, வடிகட்டும் பஞ்சு, நீர் ஆகியவையும் தொற்றைக் கடத்தும். ஒரே தட்டில் உண்பதாலோ, கட்டித் தழுவுவதாலோ, ஒரே கழிவறையைப் பயன்படுத்துவதாலோ இது பரவாது.

எச்.ஐ.வி. அளவு தொடர்ந்து காணப்படாத நிலையில் இருந்தால் பாலுறவில் எச்.ஐ.வி. பரவாது என்று உங்களிடம் கூறியிருப்பார்கள், அது உண்மை. ஹெபடைடிஸ் சி-க்கு அந்த உறுதி பொருந்தாது என்பதையும் சேர்த்து நினைவில் கொள்ளுங்கள். ஆண் பெண் உறவில் இது பரவுவது அரிது. காயம் ஏற்படக்கூடிய ஆசனவாய் உறவில், குறிப்பாக எச்.ஐ.வி. உள்ளோரிடையே, பரவும் வாய்ப்பு கூடுதல். ஆணுறை இரண்டுக்கும் காப்பு.

இரண்டு படிகள், இரண்டு பொருள்கள்

முதற்படி, எதிர்ப்பொருள் பரிசோதனை. விரல் நுனி இரத்தத்திலோ நரம்பிலிருந்து எடுத்த இரத்தத்திலோ செய்யலாம். விரைவுப் பரிசோதனையாயின் அரை மணி நேரத்துக்குள் முடிவு தெரியும். இது ‘உள்ளது’ எனக் காட்டினால், உங்கள் உடல் எப்போதோ அந்த வைரஸைச் சந்தித்திருக்கிறது என்று மட்டுமே பொருள். வைரஸ் இப்போதும் இருக்கிறதா என்பதை இது கூறாது. அதனை அறிய இரண்டாம் படியாக ஆர்.என்.ஏ. பரிசோதனை, அதாவது இரத்தத்தில் வைரஸின் அளவைக் காணும் பரிசோதனை செய்ய வேண்டும். அதில் வைரஸ் காணப்பட்டால் சிகிச்சை தேவை. காணப்படாவிட்டால் தற்போது தொற்று இல்லை.

முதற்படிக்கும் இரண்டாம் படிக்கும் இடையிலான வழியில்தான் பலரை நாம் இழக்கிறோம். நான் பார்த்த ஒருவர், சரக்கு வாகனம் ஓட்டுபவர், எதிர்ப்பொருள் முடிவைக் கேட்டுவிட்டு ‘அடுத்த மாதம் வாருங்கள்’ என்ற சொல்லோடு அனுப்பப்பட்டார். அடுத்த மாதம் அவர் வேறு மாநிலத்தில் இருந்தார். மூன்றாண்டுகளுக்குப் பின் வயிறு வீங்கி, கால் வீங்கி வந்தார். அன்றே இரண்டாவது குழாயிலும் இரத்தம் எடுத்து அனுப்பியிருந்தால் அவர் மறுமுறை வரவேண்டிய தேவையே இருந்திராது. ஆகவே உங்களுக்கு ஒரு வேண்டுகோள்: எதிர்ப்பொருள் இருப்பதாகக் கூறப்பட்டால், அன்றே ஆர்.என்.ஏ. பரிசோதனைக்கு இரத்தம் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். காசநோய்ச் சளிப் பரிசோதனைக்குப் பயன்படும் அதே வகைக் கருவியிலேயே இதனைச் செய்யும் வசதி பல இடங்களில் உள்ளது.

எச்.ஐ.வி. உள்ளோருக்கே உரிய ஒரு நுணுக்கமும் உண்டு. எதிர்ப்பொருளை உருவாக்க உடலுக்கு எதிர்ப்பாற்றல் தேவை. சி.டி.4 எண்ணிக்கை மிகவும் குறைந்தவர்களிடம் வைரஸ் இருந்தும் எதிர்ப்பொருள் உருவாகாமல், முதற்படிப் பரிசோதனை ‘இல்லை’ எனப் பொய்யாகக் காட்டக்கூடும். அண்மையில் தொற்றியவர்களுக்கும் இவ்வாறே. எதிர்ப்பொருள் தோன்ற இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம், ஆர்.என்.ஏ.யோ ஓரிரு வாரங்களிலேயே தெரியும். எனவே எதிர்ப்பொருள் இல்லாவிட்டாலும் கல்லீரல் நொதிகள் உயர்ந்திருந்தால், நேரடியாக ஆர்.என்.ஏ. பரிசோதனை செய்வதே முறை.

கல்லீரலின் நிலையை அறிதல்

சிகிச்சைக்கு முன் சிரோசிஸ் உள்ளதா என்று தெரிய வேண்டும். மருந்தும் அதன் காலமும் இதைப் பொறுத்தவை. இதற்கு ஈரலில் ஊசி குத்தித் திசு எடுக்க வேண்டும் என்று அஞ்சிப் பலர் வராமல் இருக்கிறார்கள். பெரும்பாலோருக்கு அது தேவையில்லை. சாதாரண இரத்தப் பரிசோதனை எண்களைக் கொண்டே கணக்கிடலாம். ஏப்ரி என்ற கணக்கில், ஏ.எஸ்.டி. அளவை அதன் இயல்பு உச்சவரம்பால் வகுத்து, 100-ஆல் பெருக்கி, ஆயிரங்களில் கூறப்படும் தட்டணு எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 46 வயதுடைய ஒருவருக்கு ஏ.எஸ்.டி. 90, உச்சவரம்பு 40, தட்டணு 1 லட்சம், அதாவது 100 ஆயிரம் என்று கொள்வோம், ஏப்ரி 2.25 ஆகிறது. 2-க்கு மேற்பட்டால் சிரோசிஸ் இருக்க வாய்ப்பு மிகுதி. எச்.ஐ.வி.யாலேயே தட்டணுக்கள் குறையலாம் என்பதால், இந்த எண்ணை மட்டும் வைத்து அச்சப்பட வேண்டாம். தேவையெனில் ஸ்கேன் மூலமும், கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் மூலமும் உறுதி செய்வோம்.

சிகிச்சை

மருத்துவக் கல்லூரியில் நான் படித்த காலத்தில் இதற்கு இன்டர்ஃபெரான் ஊசிதான் மருந்து. வாரந்தோறும் ஓராண்டு அளவுக்கு ஊசி, கூடவே ரிபாவிரின் மாத்திரை. காய்ச்சல், மனச்சோர்வு, இரத்தசோகை என்று நோயை விடச் சிகிச்சை வாட்டும். எச்.ஐ.வி. உள்ளோரில் பத்துப் பேருக்கு நால்வர் குணமடைந்தால் பெரிது. 2013-இன் இறுதியில் சோஃபோஸ்புவிர் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றபோது ஒரு மாத்திரையின் விலை 1,000 டாலர். பின்னர் இந்திய நிறுவனங்கள் இம்மருந்தைத் தயாரிக்கத் தொடங்கியதும் விலை சரிந்தது. 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் இன்று பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

சிரோசிஸ் இல்லாதவர்களுக்கு சோஃபோஸ்புவிர் 400 மி.கி., டக்ளடாஸ்விர் 60 மி.கி. ஆகியவை நாளொன்றுக்கு ஒருமுறை, 12 வாரங்கள். சிரோசிஸ் இருந்து, கல்லீரல் இன்னும் தன் பணியைச் செய்துகொண்டிருந்தால் சோஃபோஸ்புவிருடன் வெல்படாஸ்விர் 100 மி.கி., அதே 12 வாரங்கள். மகோதரம், காமாலை, மனக்குழப்பம் போன்ற நிலை வந்துவிட்டவர்களுக்கு ரிபாவிரின் சேர்த்தோ, காலத்தை நீட்டித்தோ, மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மேற்பார்வையில் சிகிச்சை தரப்படும். முறையாக உட்கொள்வோரில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் குணமடைகின்றனர், எச்.ஐ.வி. உள்ளோருக்கும் ஏறத்தாழ இதே பலன்தான். எச்.ஐ.வி. வாழ்நாள் மருந்து கேட்பது. ஹெபடைடிஸ் சி-யோ மூன்று மாதத்தில் உடலை விட்டே நீங்கக்கூடியது. இந்த வேறுபாட்டைக் கேட்டதும் நம்ப மறுப்பவர்கள் பலர். ‘வாழ்நாள் முழுவதும் இன்னொரு மாத்திரையா?’ என்ற சோர்வோடு வந்திருப்பார்கள்.

அண்மையில் எச்.ஐ.வி. உறுதியாகி சி.டி.4 மிகக் குறைந்திருப்பவர்களுக்கு முதலில் கூட்டு மருந்தைத் தொடங்கி, உடல் நிலைபெற்ற சில வாரங்களுக்குப் பின் இதனைத் தொடங்குவது வழக்கம். மது அருந்துபவர் என்றோ, போதை ஊசிப் பழக்கம் உள்ளவர் என்றோ கூறி எவருக்கும் சிகிச்சையை மறுத்தல் ஆகாது. மதுவை விட்டால் கல்லீரல் பிழைக்கும். எனினும் விட்ட பிறகே மருந்து என்பது நிபந்தனை அன்று.

சிறு நடைமுறைச் சிக்கல் ஒன்று. ஏ.ஆர்.டி. மருந்துக் குப்பியில் பொதுவாக 30 மாத்திரைகள். ஹெபடைடிஸ் சி மருந்துக் குப்பியில் 28. இரண்டையும் ஒரே நாளில் தொடங்கினாலும் இரண்டும் ஒரே நாளில் தீரா. ‘ஏ.ஆர்.டி. தேதி வரும்போது இதையும் வாங்கிக்கொள்ளலாம்’ என்று காத்திருந்தால் மாதந்தோறும் இரண்டு நாள் மருந்து விடுபடும். மூன்று குப்பிகள், 84 நாள்கள், இடைவெளி கூடாது. நாள்காட்டியில் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

மருந்துகள் ஒன்றோடொன்று மோதும் இடம்

இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன். இன்று நம் நாட்டில் பெரும்பாலோர் உட்கொள்ளும் டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் அடங்கிய ஒற்றை மாத்திரை, மேற்கூறிய மருந்துகளுடன் ஒத்துப்போகிறது. வெல்படாஸ்விருடன் சேரும்போது இரத்தத்தில் டெனோஃபோவிர் அளவு சற்று உயர்வதால் சிறுநீரகச் செயல்பாட்டை மட்டும் கண்காணிப்போம். ஆனால் எஃபாவிரென்ஸ் உள்ள பழைய மாத்திரையை இன்னும் உட்கொள்பவர்கள் இருக்கிறார்கள். எஃபாவிரென்ஸ், டக்ளடாஸ்விரின் அளவைக் குறைத்துவிடும். ஆகவே 60-க்குப் பதில் 90 மி.கி. தேவை. வெல்படாஸ்விரை எஃபாவிரென்ஸுடனும் நெவிரபினுடனும் தரவே கூடாது. இரண்டாம் நிலை மருந்தான அடசனாவிர்/ரிடோனாவிர் எடுப்பவர்களுக்கு நேர்மாறாக, டக்ளடாஸ்விரை 30 மி.கி. ஆகக் குறைக்க வேண்டும். ஜிடோவுடின் எடுப்பவருக்கு ரிபாவிரின் சேர்த்தால் இரத்தசோகை கடுமையாகும்.

இதை எல்லாம் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே: உங்கள் ஏ.ஆர்.டி. மருந்தின் பெயரைக் கல்லீரல் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். இதனைக் கூறக் காரணம் உண்டு. வெளியூர் ஒன்றில் சிகிச்சை பெற்ற பெண் ஒருவர், தமக்கு எச்.ஐ.வி. இருப்பதைக் கூறினால் தம்மை நடத்தும் விதம் மாறிவிடும் என அஞ்சி, எஃபாவிரென்ஸ் மாத்திரையை இரவில் தனியே விழுங்கிக்கொண்டு, பகலில் வெல்படாஸ்விர் எடுத்துக்கொண்டார். பன்னிரண்டு வாரமும் ஒரு நாள் தவறவில்லை. வைரஸ் திரும்பியது. பின்னர் கூட்டு மருந்தை மாற்றி, ரிபாவிரினுடன் 24 வாரங்கள் மீண்டும் சிகிச்சை பெற்றே குணமடைந்தார். தவறு அவருடையது என்று என்னால் கூற இயலாது; முன்பு ஒரு மருத்துவமனையில் அவரது நோய்ச்சீட்டின் மேல் சிவப்பு மையில் எழுதி எல்லோரும் காணும்படி வைத்திருந்தார்கள்.

2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டிச் சிகிச்சையை மறுப்பதும், வேறுபடுத்தி நடத்துவதும், உங்கள் ஒப்புதலின்றி நிலையை வெளியிடுவதும் அச்சட்டப்படி தவறு. ஏ.ஆர்.டி. மைய மருத்துவரிடமிருந்து கல்லீரல் மருத்துவருக்கு மூடிய உறையில் கடிதம் பெற்றுச் செல்லலாம். ஐயம் இருப்பின் கட்டணமில்லா 1097 என்ற எண்ணில் பெயர் கூறாமலே கேட்கலாம்.

பிற மருந்துகளையும் கூறுங்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும், வலிப்புக்கான ஃபெனிடோயின், கார்பமசெபின், ஃபீனோபார்பிட்டோன் ஆகியவையும் ஹெபடைடிஸ் சி மருந்தைப் பயனற்றதாக்கிவிடும். காசநோய் இருந்தால் அதன் சிகிச்சை முடிந்த பிறகே இது தொடங்கும். இதயத் துடிப்புக்கான அமியோடரோன் உட்கொள்வோருக்கு சோஃபோஸ்புவிர் ஆபத்து விளைவிக்கலாம். நெஞ்செரிச்சலுக்கு நாமாகவே வாங்கி விழுங்கும் ஒமெப்ரசோல் கூட வெல்படாஸ்விர் உடலில் சேர்வதைத் தடுக்கும். கீழாநெல்லி உள்ளிட்ட நாட்டு மருந்துகள் எதனை உட்கொண்டாலும் அதையும் கூறுங்கள், திட்டமாட்டோம். கீழாநெல்லி ஹெபடைடிஸ் சி வைரஸை அகற்றும் என்பதற்குச் சான்று இல்லை. பெயர் தெரியாத லேகியங்களும் சூரணங்களும் கல்லீரலுக்கே கேடாகலாம்.

ஹெபடைடிஸ் பி-யும் உடனிருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஹெபடைடிஸ் சி அகலும்போது அதுவரை அடங்கியிருந்த ஹெபடைடிஸ் பி கிளர்ந்தெழக்கூடும். உங்கள் கூட்டு மருந்தில் உள்ள டெனோஃபோவிரும் லாமிவுடினும் அதனை அடக்கி வைக்கின்றன. ஆகவே ‘மாத்திரைகள் அதிகமாகிவிட்டன’ என்று கூட்டு மருந்தை இடையில் நிறுத்துவது எச்.ஐ.வி.க்கு மட்டுமன்றி ஈரலுக்கும் ஆபத்து.

பெண்களுக்கு

கருவுற்ற காலத்தில் இச்சிகிச்சையைப் பொதுவாகத் தள்ளிவைக்கிறோம். ரிபாவிரின் கருவுக்குக் கேடு விளைவிப்பது. அதனை ஆணோ பெண்ணோ உட்கொண்டால், நிறுத்திய பின்னும் ஆறு மாதங்கள் வரை கருத்தரிப்பைத் தவிர்க்க வேண்டும். ஹெபடைடிஸ் சி மட்டும் உள்ள தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு சுமார் 6 சதவீதம், எச்.ஐ.வி.யும் இருந்தால் சுமார் 11 சதவீதம். குழந்தை பெற எண்ணமிருந்தால், அதற்கு முன்பே பரிசோதித்துச் சிகிச்சையை முடித்துக்கொள்வது தாய்க்கும் சேய்க்கும் நன்று. பிறந்த குழந்தைக்கு எதிர்ப்பொருள் பரிசோதனையை 18 மாதங்களுக்குப் பின்னரே செய்ய வேண்டும். அதற்கு முன் காணப்படுவது தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருளாக இருக்கலாம்.

மருந்து முடிந்த பிறகு

கடைசி மாத்திரை விழுங்கிய நாளிலிருந்து 12 வாரங்கள் கழித்து மீண்டும் ஆர்.என்.ஏ. பரிசோதனை செய்ய வேண்டும். அதில் வைரஸ் காணப்படாவிட்டால் நீங்கள் குணமடைந்துவிட்டீர்கள். உடல் நன்றாக இருக்கிறதே என்று இந்தப் பரிசோதனைக்கு வராதவர்கள் பலர். வந்தால்தான் குணமானது உறுதியாகும்.

சிரோசிஸ் இருந்தவர்கள், வைரஸ் அகன்ற பின்னும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் செய்துகொள்ள வேண்டும். புற்றுநோய்க்கான வாய்ப்பு குறையுமே அன்றி முற்றிலும் மறைவதில்லை. வலிக்குப் பாரசிட்டமால் எடுத்தால் நாளொன்றுக்கு 2 கிராமைத் தாண்ட வேண்டாம். ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி உண்டு, போடாதவர்கள் போட்டுக்கொள்ளுங்கள். ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசி இல்லை, ஒருமுறை வந்து குணமானதால் எதிர்ப்பாற்றலும் உண்டாவதில்லை. மறுபடி தொற்றலாம், தொற்றினால் மறுபடியும் சிகிச்சை உண்டு.

குணமான பின்னும் எதிர்ப்பொருள் உங்கள் இரத்தத்தில் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் இருக்கும். நாளை கண் அறுவை சிகிச்சைக்கோ பல் மருத்துவரிடமோ சென்றால், அங்கே எதிர்ப்பொருள் பரிசோதனை செய்து ‘ஹெபடைடிஸ் சி உள்ளது’ என்று கூறுவார்கள். அப்போது காட்டுவதற்காக, 12-ஆம் வார ஆர்.என்.ஏ. முடிவின் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். இனி ஐயம் எழும்போதெல்லாம் உங்களுக்குச் செய்ய வேண்டியது ஆர்.என்.ஏ. பரிசோதனை மட்டுமே.